பழைய காரை மாற்றப் போகிறீர்களா?
பளபளப்பைக் கண்டு ஏமாறாதீர்கள்!

காலை 8 மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தயாராக நிற்கிறார்கள். அப்பா சாவியைத் திருப்புகிறார். கார் "கிர்... கிர்..." என்கிறது. பிறகு அடங்கிவிடுகிறது.

"என்னங்க, போன மாதம்தானே 9 ஆயிரம் செலவு செய்தீர்கள்?" என்று அம்மா கேட்கிறார். அப்பாவிடம் பதில் இல்லை.

பழைய கார் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் காட்சிதான். உடனே, "இதைத் தள்ளிவிட்டு வேறு கார் வாங்குவோம்" என்ற முடிவு பிறக்கிறது.

அவசரம் வேண்டாம். கிளட்ச், பாட்டரி எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். அதற்காகக் காரை விற்பது நஷ்டம். ஆனால், அடித்தகடு துருப்பிடித்து, ஜாக்கி வைத்தால் உள்ளே அமுங்குகிறதா? அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

சரி, எவ்வளவு விலையில் வாங்குவது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கையில் 2 லட்சம் இருந்தால், 2 லட்சத்துக்கே கார் பார்க்கிறார்கள். கூடாது! ஒன்றரை லட்சத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி 50 ஆயிரம் எதற்கு? பெயர் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். டயர், பிரேக், பெல்ட் என்று முதல் ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று கை நீட்டாமல் இருக்காது. கையைத் துடைத்துவிட்டுக் கார் வாங்கியவர், பிரேக் தேய்ந்தாலும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

14 வயதுக் கார் மலிவாகக் கிடைக்கும். காரணம் உண்டு. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

அம்பாசிடர், மாருதி 800 என்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. எந்தக் கார் வாங்கினாலும், அதன் சாமான் உள்ளூரில் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

கார் பார்க்க அதிகாலையில் போவதே நல்லது. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் காபி நிறத்தில் பசை இருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

டயரில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால், வெள்ளத்தில் நின்ற கார்! சென்னையில் 2015-லும் 2023-லும் எத்தனையோ கார்கள் முங்கின. பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. பெல்ட்டின் மடிப்பை யாரும் கழுவுவதில்லை.

தரகரை நம்புவதைவிட, கூலி கொடுத்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவது மேல்.

பழைய காரை விற்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெயர் மாறவே இல்லை. அந்தக் கார் யார் மீதாவது மோதினால்? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் இல்லாத காராக இருந்தால், விற்றவர் வீடு தாங்குமா?

29, 30 என்ற எண்ணுள்ள படிவங்களில் கையெழுத்தானால் மட்டும் போதாது. அவை ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சேர்ந்து, பெயர் மாறியதா என்று விற்றவரே விசாரிக்க வேண்டும். "பார்த்துக்கொள்கிறேன் சார்" என்ற தரகரின் வாய்ச்சொல் கோர்ட்டில் செல்லாது.