நூலகம் படித்தவர் தொழில் செய்யக் கூடாதா?

கொடுமுடியில் மஞ்சள் மூட்டை போடுகிறவருக்கு விலை பேசத் தெரியும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் துண்டு விற்கிறவருக்கு லாபக் கணக்கு தெரியும். பல்கலைக்கழகத்தில் நூலகத் தகவல் அறிவியல் படித்த பிள்ளை மட்டும் வேலைக்கு ஆர்டர் வருமென்று காத்துக் கிடக்கிறது!

"பரீட்சை என்னாச்சுங் தம்பி?" என்று கேட்டால், "அடுத்த அறிவிப்பு வரட்டுங்க" என்று பதில்.

எட்டாவதோடு நின்ற மாமன் அதற்குள் நாலு தறி போட்டு விடுகிறார்.

பிள்ளை மேல் குற்றமில்லை. புத்தகத்தை வகை பிரிக்க, பட்டியல் போட, கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லித் தருகிறார்கள். அந்த வேலைக்கு எத்தனை ரூபாய் கேட்கலாம் என்ற பேச்சுதான் வகுப்பில் குறைவு.

இது விலை போகாத சரக்கா? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அதில் ஒன்று. மில் ஆபீசில் பழைய பத்திரம் ஒன்றைத் தேட அரை நாள் ஓடுகிறதே, அந்த அரை நாளை மிச்சம் பிடித்துத் தருகிறவருக்கு முதலாளி காசு தர மாட்டாரா? தமிழ் வாத்தியார் கையில் நூலகச் சாவி இருக்கிற பள்ளிகள் எத்தனை! நாலு பள்ளிகளைச் சேர்த்து ஒரே ஆள் ஒப்பந்தம் எடுக்கலாமே.

சென்னையில் ஈஸ்வரி வாடகை நூலகம் 1955ல் தொடங்கித் தலைமுறை தாண்டி நின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகமும் நோட்டீசுமாக அவர் சேர்த்ததை, 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். காவிரிக் கரை ஊர்களில் எடைக்குப் போன தாத்தா காலத்துப் புத்தகம் எத்தனை மூட்டையோ!

இதைச் சாக்காக வைத்து அரசாங்கம் நூலகர் இடங்களைக் காலியாகப் போட்டுவிடக் கூடாது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிற ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கடையின் பழைய கணக்கையோ ஒரு பள்ளி நூலகத்தையோ கூலி பேசி, பில் போட்டு முடித்துக் காட்டட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். வேலையில்லாத இளைஞர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு கடன் வாங்கித் தருகிற திட்டம் அங்கே இருக்கிறது.

அதற்கு எட்டாவது பாஸ் செய்திருந்தாலே போதும்.