மலிவு டிக்கெட்டும் தூங்காத டிரைவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு திட்டங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. முதலாவது, "சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோ போறோம். திருச்சியை விட சென்னையில டிக்கெட் மூவாயிரம் கம்மி. ராத்திரிக்கு ஒரு வேன் பேசிடலாம்." இரண்டாவது, "திருப்போரூர் பக்கம் ஒண்டர்லா திறந்துட்டாங்க. விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பினா ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம், ரூம் செலவு மிச்சம்." இரண்டுக்கும் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

இரண்டு திட்டமும் தப்பு. இரண்டும் ஒரே காரணத்தால் தப்பு. டிக்கெட் விலையைக் கூட்டிக் கழித்தவர்கள், நம் வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்கும், பார்க் வாசல் வரைக்கும் உள்ள சாலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சாலையில் வண்டி ஓட்டப்போகிறவனின் தூக்கத்தை யாருமே சேர்க்கவில்லை.

முதலில் சிங்கப்பூர் கணக்கு. நான்கு பேர் குடும்பம், தலைக்கு மூவாயிரம் என்றால் மிச்சம் 12,000 ரூபாய். சரி. பெரம்பலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 250 கி.மீ. வேன் உங்களை விட்டுவிட்டுக் காலியாகத் திரும்பும். ஐந்து நாள் கழித்து அழைத்துவரக் காலியாகப் போகும். ஆக 250-ஐ நான்கால் பெருக்க வேண்டும், 1,000 கி.மீ. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்தால் 14,000 ரூபாய். திருச்சி விமான நிலையம் நமக்கு 65 கி.மீ. அளவுதான். நான்கால் பெருக்கினால் 260 கி.மீ., அதே வாடகைக்கு 3,640 ரூபாய். வித்தியாசம் 10,360. மிச்சம் பிடித்த பன்னிரண்டாயிரத்தில் கையில் நிற்பது 1,640 ரூபாய்.

இன்னும் முடியவில்லை. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஐந்து சுங்கச்சாவடிகள். நான்கு நடைக்கு இருபது முறை. திருச்சி வழியில் சமயபுரம் ஒன்றுதான், நான்கு முறை. அதோடு டிரைவர் பேட்டா, வழியில் எட்டுப் பேருக்கு ஆகும் செலவில் நான்கு பேர் சாப்பிடும் நெடுஞ்சாலை டிபன். அந்த 1,640 எங்கே போயிற்று என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் சிங்கப்பூருக்கு நேராகப் பறந்திருக்கின்றன, நாலு மணி நேரப் பயணம். 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்துவைத்து, அந்த ஜூன் 11 முதல் இயங்கும் புதிய முனையம் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. அரியலூர்க்காரர்களுக்கு ரயிலே இருக்கிறது. திருச்சியில் இறங்கினால் புதுக்கோட்டை சாலையில் ஆட்டோ தூரம். நடுராத்திரி விமானம் என்றால் சாயங்காலமே போய் உட்கார்ந்துவிடுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பதால் யாரும் செத்ததில்லை.

சென்னை எப்போதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. திருச்சியில் விமானங்கள் குறைவு. ஒன்று ரத்தானால் மாற்று கிடைப்பது கஷ்டம். ஆறு பேர் போய், தலைக்கு எட்டாயிரம் வித்தியாசம் வந்தால் சென்னைதான் லாபம். தாராளமாகப் போங்கள், ஆனால் ரயிலில் போங்கள். அரியலூரில் ஏறினால் தாம்பரம். தாம்பரத்தில் மின்சார ரயில் மாறினால் நான்காவது நிலையமாக, சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி, திரிசூலம். சாலைக்கு எதிர்ப்பக்கம் விமான நிலையம். பெரம்பலூருக்கு இன்று வரை ரயில் நிலையம் இல்லை என்பது நம் மாவட்டத்தின் பழைய வயிற்றெரிச்சல். ஆனால் அரியலூர் முப்பது கி.மீ.தானே? அந்த முப்பதைப் பேருந்தில் கடக்க அலுத்துக்கொண்டு இருநூற்றைம்பதை ராத்திரி வேனில் கடப்பது என்ன புத்தி?

ஊர்ப் பெயரைப் பார்த்து விமான நிலையம் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் விடுங்கள். பெங்களூரு ஒண்டர்லா மைசூரு சாலையில் பிடதியில் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் அதன் நெரிசலும். ஆனால் பிடதிக்கு ரயில் நிலையம் உண்டு. மலேசியாவின் லெகோலாண்ட் ஜொகூரில் இருக்கிறது. கோலாலம்பூரில் இறங்கினால் முந்நூறு கி.மீ.க்கு மேல் சாலைப் பயணம், சிங்கப்பூரிலிருந்தோ பாலம் தாண்டினால் போதும். (இரண்டு நாட்டு நுழைவு விதிகளையும் முதலில் பாருங்கள்.) சிங்கப்பூரிலேயே சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் போய், அவுட்ரம் பார்க்கில் மாறி ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால், அங்கிருந்து செந்தோசாவுக்கு மோனோ ரயில் உண்டு, நடந்துபோகப் பாலமும் உண்டு. யுனிவர்சல் வாசல் வரைக்கும் கார் இல்லாமல் போகலாம். இதை விசாரிக்க வேண்டியது டிக்கெட் போடுவதற்கு முன்பு. இறங்கிய பிறகு அல்ல.

இதுவரை சொன்னது பணம். பணம் போனால் சம்பாதிக்கலாம். இனி சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவு.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் ஒண்டர்லா திறந்ததிலிருந்து, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் "ஒரே நாள் டூர்" பேச்சுதான். இருநூறு கி.மீ.க்கு மேல் போக வேண்டும், அதே அளவு திரும்ப வேண்டும். மூன்று மணிக்கு வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமென்றால் டிரைவர் இரண்டு மணிக்கு எழ வேண்டும். இரண்டிலிருந்து பதினேழு மணி நேரம் எண்ணுங்கள். சாயங்காலம் ஏழு மணி. நீங்கள் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு பார்க்கை விட்டு வெளியே வரும் அதே நேரம்.

ஏன் பதினேழு? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. குடித்த டிரைவர் வந்தால் வண்டியில் ஏறுவீர்களா? மாட்டீர்கள், சண்டை போடுவீர்கள். ஆனால் அதைவிட மோசமான நிலையில் இருப்பவரிடம் பிள்ளைகளை ஏற்றி, ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்கிவிடுகிறீர்கள். வழியில் சாப்பிட்டு, டீ குடித்து, வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். தேசிய நெடுஞ்சாலையை விட்டு அரியலூர் பக்கம் திரும்பினால் சிமென்ட் ஆலை லாரிகள் வேறு.

"பகல் முழுக்க டிரைவர் வண்டியில தூங்கிடுவாரே சார்" என்று வழக்கமாகச் சொல்வீர்கள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது வேன் ஓட்டுகிறான். அவனிடம் கேட்டேன். "எங்க சார் தூங்குறது? வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள அரை மணி நேரம் படுக்க முடியாது. ஏசி போட்டா டீசல் போகுதுன்னு ஓனர் கேப்பாரு. நடுவுல இவங்களே போன் பண்ணி, பையை மறந்துட்டோம், எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த நாள் காலையில ஏழு மணிக்கு வேற சவாரி இருக்கும் சார்" என்றான்.

பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவனும் என் மாணவன். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனும் என் மாணவன். இரண்டு பேரும் வீடு வந்து சேர வேண்டும்.

"அவர் பழக்கப்பட்டவர், இருபது வருஷமா ஓட்டுறார்" என்பது அடுத்த பதில். இருபது வருடம் ஓட்டினால் கை பழகும். தூக்கம் பழகாது. விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே அடங்கும் நேரம். அனுபவம் அதைத் தடுக்காது. டீயும் பாட்டும் கொஞ்ச நேரம் ஏமாற்றும், அவ்வளவுதான்.

இது ஒன்றும் என் சொந்த உபதேசம் அல்ல. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் இடையில் அரை மணி ஓய்வு என்றும் பொது விதி வகுத்தது. நீண்ட தூரத்துக்குப் பத்து மணி வரை விலக்கும் இருந்தது. வாடகை வண்டி ஓட்ட அமர்த்தப்படும் எவருக்கும் அந்த நேர வரம்புதான் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. உங்கள் ஒரே நாள் டூர் இந்த இரண்டு சட்டத்துக்குள்ளும் அடங்காது.

டி போர்டு வண்டியை விட ஓன் போர்டு வண்டி இரண்டாயிரம் கம்மி என்று பேசி முடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டில், வாடகைக்கு ஓட்டினால் பொறுப்பேற்க மாட்டோம் என்று எழுதியிருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் அந்த இரண்டாயிரத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்கில் ராட்டினத்தில் ஏறும்போது பெல்ட்டை ஒருவர் இழுத்துப் பார்க்கிறார், கம்பியை இன்னொருவர் அழுத்திப் பார்க்கிறார், பிள்ளையின் உயரத்தை அளக்கிறார். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். பயந்து கத்துவதற்குக் காசு கொடுத்துப் போகும் இடத்தில் இத்தனை சோதனை. திரும்பி வரும் இருநூறு கி.மீ.க்கு ஒருவரும் ஒன்றும் சோதிப்பதில்லை. அன்றைக்கு நீங்கள் ஏறியதிலேயே ஆபத்தான ராட்டினம் அந்த வேன்தான்.

அப்படியென்றால் போகவே கூடாதா? நன்றாகப் போங்கள். பிள்ளைகள் சந்தோஷப்பட வேண்டும். எப்படிப் போவது என்று சொல்கிறேன்.

ரயில் என்றால், காலையில் சென்னை போகும் பல்லவன் அரியலூரிலும் நிற்கும், செங்கல்பட்டிலும் நிற்கும். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் சாலையில் பார்க் முப்பது கி.மீ.க்குள்தான். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் சென்னை நகரத்துக்குள் நுழையவே தேவையில்லை. அன்று ஓய்வு, மறுநாள் பார்க், அடுத்த நாள் மதியத்துக்கு மேல் அதே வழியில் திரும்பலாம். நேரத்தை மட்டும் முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து என்றால் கிளாம்பாக்கம் முனையம். ஆட்டோக்காரரிடம் பேசும்போது ஜி.எஸ்.டி. சாலை கிளாம்பாக்கத்தையும் ஓ.எம்.ஆர். கேளம்பாக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேன்தான் வேண்டுமென்றால் முதல் நாள் மதியம் கிளம்புங்கள். செங்கல்பட்டில் தங்குங்கள். டிரைவருக்கும் கட்டிலும் மின்விசிறியும் உள்ள இடம் போடுங்கள், அது தர்மம் அல்ல, உங்கள் பாதுகாப்புச் செலவு. மறுநாள் பார்க்கிலிருந்து நான்கு மணிக்கே வெளியே வாருங்கள். ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் "இன்னும் ஒரு ரைடு" என்று அழத்தான் செய்வார்கள். அழட்டும்.

ஆசிரியர்களாகவும் தலைமை ஆசிரியர்களாகவும் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ரத்த வகை எல்லாம் கேட்கிறீர்கள். அதே தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: வண்டியில் எத்தனை ஓட்டுநர்கள், முந்தின இரவு அவர்கள் எங்கே தூங்கினார்கள். இதற்குப் பதில் எழுத முடியாவிட்டால் அந்தச் சுற்றுலா வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் பகலிலேயே போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

உறவுக்காரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விடுமுறைக்கு வேன் பேசும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "தம்பி, நேத்து ராத்திரி தூங்கினீங்களா, நாளைக்கு எங்க தூங்குவீங்க?" என்று கேளுங்கள். குழுவில் யாராவது "ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்" என்று போட்டால் கட்டைவிரலை அழுத்தாதீர்கள். இந்தப் பதிவை அங்கே போடுங்கள். சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்