நத்தைக்கு நியாயம் கேட்பவர் யார்?

கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படிந்தால் வேகம் குறையும். எரிபொருட் செலவு கூடும். இதனைத் தடுக்க 1960களில் ஒரு நச்சுப் பூச்சு பாவனைக்கு வந்தது. டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்வை அதில் கலந்திருந்தது. இலாபம் கப்பற் சொந்தக்காரருக்கு. நட்டமோ கரையோரப் பாறைகளில் ஒட்டி வாழும் சிறு நத்தைக்கு.

இங்கிலாந்தின் பிளிமத் கடலோரத்தில், 'டொக் வெல்க்' எனப்படும் நத்தையின் பெண்களில் ஆணுறுப்பு வளர்ந்திருந்தமை 1970இல் பதிவாயிற்று. இந்த வளர்ச்சி முற்றும்போது முட்டை வெளியேறும் வழி அடைபடுகிறது. முட்டைக்கூடுகள் உள்ளேயே தேங்கித் தாய் நத்தை மடிகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நஞ்சே இந்த மாற்றத்தைத் தொடக்கப் போதும். இந்நத்தையின் குஞ்சுகள் நீரில் மிதந்து தொலைவு செல்வதுமில்லை. எனவே, ஒரு கரையில் இனம் அற்றுப்போனால் மீண்டும் குடியேற நெடுங்காலம் பிடிக்கும்.

பிரான்சின் ஆர்காசோன் குடாவில் சிப்பி வளர்ப்பு நொடிந்தபோது, 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு இப்பூச்சைத் தடைசெய்தது. 1987இல் பிரித்தானியாவும் தடை விதித்தது. பெருங் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் நிறைவேறி, 2008இலேயே நடைமுறைக்கு வந்தது. நத்தையில் மாற்றம் பதிவாகி அப்போது 38 ஆண்டுகள் கடந்துவிட்டன!

சிப்பிக்குச் சந்தையில் விலை உண்டு. அதனால் அதன் துயர் விரைவில் காதில் விழுந்தது. விலையில்லாத நத்தைக்காகப் பேச ஆளில்லை. இதுவே என் ஆதங்கம்.

பூச்சு இல்லையேல் எரிபொருள் அதிகம் எரியும், புகையும் பெருகும் என்பர். அந்த வாதம் பொய்யன்று. ஆயினும் தடைக்குப் பின்னர் கப்பல்கள் ஓடாமல் நின்றுவிடவில்லை. வேறு பூச்சுகள் வந்தன. பிரித்தானியக் கரைகள் பலவற்றில் நத்தைகளும் மெல்ல மெல்லத் திரும்பின. ஆகவே, முடியாது என்பதைவிட மனமில்லை என்பதே பொருத்தம்.

புதிய இரசாயனம் ஒன்று கடலில் கலக்குமுன், அது தீங்கற்றது என நிரூபிக்கும் பொறுப்பு அதனை விற்பவருடையதாக இருக்கவேண்டும். தீங்கு நேர்ந்தது என்று நிரூபிக்கும் சுமையை நத்தையின் மீது ஏற்றலாகாது. விஞ்ஞானம் கற்கும் சகோதரிகளே, நாளை ஆய்வுகூடத்திலோ அலுவலகத்திலோ இத்தகைய முடிவொன்றில் நீங்கள் கையொப்பமிட நேரலாம். அன்று முதலில் இக்கேள்வியைக் கேளுங்கள்.