நித்தியகல்யாணி: செடியும் மருந்தும் ஒன்றல்ல

“புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து நித்தியகல்யாணியிலிருந்துதானே எடுக்கிறார்கள்? அந்த இலையை வீட்டிலேயே கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன?” குளத்தூர்ப் பகுதி நோயாளிகள் கேட்கும் கேள்வி இது. தூத்துக்குடி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளைந்து, மருந்து நிறுவனங்களுக்கு எடைபோட்டு விற்கப்படும் செடியைப் பற்றிய கேள்வி என்பதால், இதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது.

கேள்வியின் முதற்பாதி உண்மையே. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய இரண்டும் இச்செடி தருபவை. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. எனவே, இலையில் மிகுதியாக உள்ள வின்டோலின், கேதரந்தின் என்னும் இரு பொருள்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் இணைத்தும் மாற்றியும் மருந்தாக்குகின்றனர். பிரான்சில் பியர் போட்டியே குழுவினர் இவ்வழியில் உருவாக்கிய வினோரெல்பின், நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது.

மூலக்கூற்றில் ஒரு சிறு மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்கு முதலிரு மருந்துகளே சான்று. வின்பிளாஸ்டினில் ஒரு மீத்தைல் தொகுதி உள்ள இடத்தில் வின்கிரிஸ்டினில் பார்மைல் தொகுதி உள்ளது, வேறுபாடு அவ்வளவே. எனினும் முன்னது பெரும்பாலும் எலும்பு மச்சையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கிறது. பின்னது நரம்புகளைத் தாக்குகிறது. ஆகவேதான் அளவு மில்லிகிராம் கணக்கில் தீர்மானிக்கப்படுகிறது. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்பதை எவராலும் கூற இயலாது.

சர்க்கரை நோய்க்காக இதனை அருந்துவோரும் உளர். 1950களில் கனடாவில் நோபிள், பியர் ஆகியோர் இச்செடியை ஆராயத் தொடங்கியதும் அந்த நம்பிக்கையால்தான். எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெள்ளணுக்கள் குறைந்து, அவை தொற்றினால் மடிந்தன. புற்றுநோய் மருந்து பிறந்தது அந்த நச்சுத்தன்மையிலிருந்தே.

கீமோதெரபி பெறுபவருக்கு ஏற்கெனவே வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். கஷாயத்தையும் சேர்ப்பது பேரிடர். இதுவரை அருந்தியிருந்தால் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்; எவரும் கடிந்துகொள்ளமாட்டார்கள், அடுத்த மருந்தின் அளவைத் தீர்மானிக்க அத்தகவல் தேவை. வின்கிரிஸ்டின் பெறுபவருக்கு விரல்களில் மதமதப்பு, தாடைவலி, கடும் மலச்சிக்கல் தோன்றினால் அடுத்த தவணை வரை காத்திராமல் தெரிவியுங்கள். படர்தாமரைக்குக் கடையில் இட்ராகோனசோல் வாங்கி உட்கொள்ள வேண்டாம். அது வின்கிரிஸ்டினை உடலில் தேங்கச்செய்து நரம்புப் பாதிப்பைக் கூட்டும். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், நள்ளிரவானாலும் விடியும்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.