அங்கி இல்லாமல் மூன்று கோயில்கள்

இருபத்திரண்டு வருஷம் ஊழியம் பார்த்த பிறகு திருமண்டலம் எனக்கு மூன்று மாதம் 'சபாட்டிக்கல்' கொடுத்தது. ஓய்வெடுங்கள், வாசியுங்கள், ஜெபியுங்கள் என்று கடிதம். ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொன்ன வேதம். ஐயருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். (எங்கள் பக்கம் சிஎஸ்ஐ குருவானவரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சேரியில் பிறந்த எனக்கு அந்தப் பட்டம் இன்னும் உடம்பில் ஒட்டவில்லை. அது வேறு கதை.)

நான் ஓய்வெடுக்கவில்லை. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டி சட்டையோடு, என் முகம் தெரியாத பக்கத்துச் சேகரங்களுக்கு பஸ் ஏறிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும். யார் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்பது கடைசி பெஞ்சிலிருந்துதான் தெரிகிறது.

முதல் கோயிலில், ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னேன். கை தானாகக் கழன்றது. "சந்தோஷம், சந்தோஷம்" என்றபடியே அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் பெயரைக் கேட்கவேயில்லை. அங்கியோடு போயிருந்தால் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். எந்தத் தட்டில் போடுவது என்பதை உள்ளே போய்ப் பேசி முடிவு பண்ணியிருப்பார்கள்.

இரண்டாவது கோயிலில் அன்றைக்கு அசனம். உள்ளதைச் சொல்லணும்: ஒரே பந்தி. ஒரே கொப்பரையில் வெந்த சோறு, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பு. யாரும் யாரையும் எழுப்பவில்லை. 1850இல் சென்னையிலிருந்த மிஷனெரிகள் சாதியை விட்டதற்குச் சோதனையாக வைத்தது இந்தச் சமபந்தியைத்தான். அந்தப் பரீட்சையில் நாம் பாஸ். அதனாலேயே அடுத்த பரீட்சை பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அன்று காலை ஆராதனையில் மூன்று கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றும் அந்தந்தத் தெருவுக்குள்ளேயே.

அவர்களைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் நடத்தி வைத்த கல்யாணங்களில் சாதி தாண்டியது ஒன்றே ஒன்று. இன்னொரு ஜோடி வந்து நின்றது. கமிட்டிக்குப் பயந்து, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிட்டு வாங்கப்பா, அப்புறம் ஜெபம் பண்ணுறேன்" என்று அனுப்பி வைத்தேன். அவர்கள் திரும்பி வரவில்லை. ஏன் வரணும்?

மூன்றாவது கோயிலில் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கணும் என்றேன். கோயில்பிள்ளை கூட வந்தார். பாதி தூரத்தில் சீமைக்கருவேல முள்வேலி. அதற்கு அந்தப் பக்கம் சிலுவைகள் சிறுசு, பாதி மண்ணில் புதைந்தவை. "மதிலு கிதிலு எதுவும் இல்லங்கய்யா, சும்மா வேலிதான்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கந்தான் நம்ம ஆளுக" என்றார். நான் எதுவும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அந்த வேலியை வருஷா வருஷம் கட்டுகிறவரும் அவர்தான்.

தோழர்களே, இதெல்லாம் புதுசில்லை என்பீர்கள். 1833இலேயே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். வேளாளக் கிறித்தவர்கள் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டுப் போனார்கள். வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடமாக ஒரே கத்தோலிக்கக் கோயில் கட்டினார்கள். நடுச்சுவர் இடிபட 1910 ஆயிற்று. எறையூரில் 2008இல் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். கலவரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது இந்தக் கதையை நம் சபைகள் எங்கே சொல்கின்றன, எங்கே மறைக்கின்றன என்பது.

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறித்தவனும் தலித் முஸ்லிமும் வெளியே. சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற கிறித்தவர், இந்துச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, அதன் கொடுமை அதே கடுமையோடு புது மதத்திலும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேணும் என்றது நீதிமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது, எடுக்கவில்லை. 2022இல் மறுபடி ஓர் ஆணையம். மறுபடி ஆதாரம் கொண்டு வா.

ஆதாரம் யாரிடம் இருக்கிறது? கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கல்லறை வரைபடம், கமிட்டி உறுப்பினர் பட்டியல், சபைப் பள்ளி கல்லூரிகளில் யார் வாத்தியார், யார் கூட்டுகிறவர் என்ற கணக்கு. எல்லாம் திருமண்டல அலுவலகப் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆயர்மார் கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள், டெல்லியில் எங்களோடு ஊர்வலம் வருகிறார்கள், உரிமை கொடு என்று மைக்கில் முழங்குகிறார்கள். ரயில் ஏறி ஊர் திரும்பினதும், "நம்ம சபையில சாதியெல்லாம் கிடையாது" என்று பேட்டி கொடுக்கிறார்கள். இந்த ஒரு வரி போதும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு.

பீரோவைத் திறந்தால் இந்துத்துவக்காரன் சிரிப்பானே என்று ஒரு மூத்த குருவானவர் என்னிடம் கவலைப்பட்டார். அவன் இப்போது மட்டும் அழுதுகொண்டா இருக்கிறான்? 'மாறினாலும் நீ பறையன்தான்' என்று தெருவில் சொல்லுகிறான்; 'மாறிவிட்டாய், உனக்குச் சலுகை இல்லை' என்று கோர்ட்டில் சொல்லுகிறான். சேரிக்குத் தீ வைக்க வருகிறவன் எந்தக் காலத்திலும் ஞானஸ்நானச் சர்டிபிகேட் கேட்டதில்லை. சபை மூடி மறைப்பதால் காப்பாற்றப்படுவது சபையின் மானம் அல்ல, அந்த வேலி.

ஆகவே திருமண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். என் சொந்தச் சேகரத்தின் பதிவேடுகளிலிருந்தே தொடங்குகிறேன், நான் தட்டிக்கழித்த அந்தக் கல்யாணத்தையும் சேர்த்தே எழுதித் தருகிறேன், ஆணையத்தின் முன் வைக்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. விடுப்புக் காலத்தில் நிர்வாகக் கடிதப் போக்குவரத்து வேண்டாமாம். நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு நாலாவது கோயில். பக்கத்துத் தாலுகா, ஏழரை மணி ஆராதனை. கூட வருகிற தோழர்கள் ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொண்டு வாங்க.