ஒல்லாந்தர் அச்சிட்ட பிரிட்டிஷ் தேசப்படங்கள்

பிரிட்டன் தீவின் பழைய தேசப்படங்களை ஆராய்வோர்க்கு ஒரு விந்தை புலப்படும். அத்தீவின் ஜில்லாக்களைக் காட்டும் புகழ்பெற்ற படங்களுட் பல, கடலுக்கு அப்பால் ஆம்ஸ்டர்டாம் நகரில் செதுக்கப்பட்டவை. 'ஒல்லாந்தர் பிறர் உழைப்பைக் கொண்டு பொருளீட்டினர். நிலத்தை அளந்தவர்க்கன்றோ புகழ் உரியது?' என வினவுவாரும் உளர். இக்கூற்றிற் பாதி உண்மை. மறுபாதி நன்றி மறத்தலாகும் என்பது என் கருத்து.

உண்மையை முதற்கண் ஒப்புக்கொள்வோம். இங்கிலாந்தையும் வேல்ஸையும் அளந்து 1579-ஆம் ஆண்டில் படத்தொகுதி வெளியிட்டவர் கிறிஸ்தோபர் சாக்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவரைப் பெரிதும் பின்பற்றி ஜான் ஸ்பீடு 1611, 1612-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தொகுதிக்குச் செப்புத் தகடுகளைச் செதுக்கியவர் யோதோகஸ் ஹோந்தியஸ். இவர் பிளாந்தர்ஸ் நாட்டிற் பிறந்து, சமயப் போரினின்றும் தப்பி லண்டனிற் புகலடைந்து, 1593-இல் ஆம்ஸ்டர்டாமிற் குடியேறியவர். பின்னர் யோவான் பிளாவ் 1645-இல் வெளியிட்ட இங்கிலாந்துப் படங்களும் பெரும்பாலும் சாக்ஸ்டன், ஸ்பீடு இருவரையும் தழுவியவையே. எழுத்தின் வனப்பும் வண்ணத்தின் பொலிவும் மிகுந்தன; ஆயின் நிலம் புதிதாக அளக்கப்படவில்லை. ஊருக்கு ஊர் செல்லும் சாலைகளையும் அவற்றிற் காண்பது அரிது.

இனி மறுபாதியை நோக்குவோம். ஸ்காத்லந்தில் திமோத்தி பாண்ட் என்பார் 1580-களிலும் 1590-களிலும் மலையும் ஏரியும் கடந்து நாடெங்கும் திரிந்து, கண்டவற்றைத் தாள்களில் வரைந்தார். அவை பெரும்பாலும் அச்சேறுமுன்னரே அவர் இறந்தார். பூச்சி அரிக்கக் கிடந்த அத்தாள்கள் சர் ஜான் ஸ்காட் என்னும் பிரபுவின் முயற்சியால் பிளாவின் கைக்கு எட்டின. ராபர்ட் கார்டன் அவற்றைத் திருத்தி, குறைந்தவற்றை நிரப்பினார். 1654-இல் 49 படங்களுடன் ஸ்காத்லந்து தன் முதற் படத்தொகுதியைப் பெற்றது. பாண்ட் வரைந்த தாள்களிற் சிலவே இன்று எடின்பரோ தேசிய நூலகத்தில் உள்ளன. ஏனையவற்றில் இருந்ததைப் பிளாவின் தொகுதி வாயிலாகவே அறிகின்றோம். ஒல்லாந்தரது அச்சுப்பொறி இல்லையேல் பாண்டின் உழைப்பு குடத்துள் இட்ட விளக்காய் அவிந்திருக்கும்.

1672-இல் பிளாவின் அச்சகமே தீக்கிரையாகி, தகடுகள் பல அழிந்தன. ஆயினும் அதற்குமுன் பல நாடுகளிற் பரவிய பிரதிகளைத் தீ தீண்டவில்லை. அறிவைப் பலர் கையிற் கொடுத்தலே அதனைக் காக்கும் வழி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலின், மாணவ நண்பர்களே, அழகிய படமொன்றைக் காணும்போது இரண்டு வினாக்களைக் கேட்பீராக: இதற்காக நடந்து அளந்தவர் யார்? அவர் உழைப்பை நம்மிடம் சேர்த்தவர் யார்? முதல்வர் பெயரை மறைப்பது அநீதி. இரண்டாமவரை வெறும் வணிகர் என இகழ்வதும் அநீதியே.