சிம்னி வழியா போறது புகை மட்டுமல்ல, நம்ம வெல்ல ஆலைக்காரர் காசு!



கழிவு வெப்பத்தைப் பயன்படுத்துவது என்றாலே சிமெண்ட் ஆலை, அனல்மின் நிலையம், கோடிகளில் முதலீடு என்றுதான் பேசுகிறார்கள். நம்ம பக்கத்து நெய்க்காரப்பட்டி வெல்லத்தை ஊரே வாங்குது. அதைக் காய்ச்சுகிற அடுப்பை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கணக்கைப் பாருங்க. 1000 லிட்டர் கரும்புப்பாலில் ஏறக்குறைய 200 கிலோ வெல்லம். அப்படின்னா 800 லிட்டருக்கும் மேல தண்ணி ஆவியாகிப் போகணும். எரிப்பது கரும்புச் சக்கை. பழைய ஒற்றைக் கொப்பரை அடுப்பில் தீயின் சூட்டில் பாதிக்கும் மேல் பாலுக்கு வந்து சேர்றதே இல்ல. சிம்னியிலயும் அடுப்புச் சுவத்துலயும் போயிடுது. வெயில் நாளில் இது உறைக்காது. மழை பிடிச்சா சக்கை காயாது, விறகைக் காசு கொடுத்து வாங்கணும். பொங்கல் வெல்லத்துக்கு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டித்தானே வரணும்!

இதுக்கு வழி புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே, புகை போகும் பாதை மேலேயே இன்னொரு கொப்பரை. அடுத்த காய்ச்சலுக்கான பால் அதில் சூடேறும். 30 டிகிரி பால் 80 டிகிரியில் பெரிய கொப்பரைக்கு வந்தால், மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு மிச்சம். இவ்வளவுதானா என்று கேட்கலாம். அதுக்கப்புறமும் வெளியேறுகிற சூட்டில் ஈரச் சக்கையைக் காய வைக்க முடியுமே, எங்கள் பார்வையில் பெரிய லாபம் அங்கேதான். (நேரடிப் புகையில் வேண்டாம், தீப்பொறி விழுந்தால் கொட்டகையே போயிடும். புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காத்து போதும்.) லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கொப்பரை அடுப்பையே வடிவமைத்திருக்கிறது.

பெரிய சர்க்கரை ஆலைகளுக்கு இது கொள்ளுத்தாத்தா காலத்து வித்தை. ஒரு கலத்தில் எழும் ஆவியை வைத்தே அடுத்த கலத்தைக் கொதிக்க வைக்கும் முறைக்கு, அமெரிக்காவில் நார்பர்ட் ரில்லியூ என்ற கறுப்பினப் பொறியாளர் 1843-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஒன்றிய அரசு 2012-ல் எரிசக்தி மிச்சத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் சுற்றில் 8 துறைகள், 478 பெரிய ஆலைகள். இலக்கைத் தாண்டி மிச்சம் பிடித்தால் சான்றிதழ், அதை விற்றால் காசு. வெல்லம் காய்ச்சுறவருக்கு? 2020-ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம் அறிவித்தார்கள். ஆனா அது வங்கிக் கடனோடு கட்டப்பட்டது. கரும்புக் காட்டு ஓரத்தில் கொட்டகை போட்டு, சீசன் முடிஞ்சதும் பிரிக்கிறவர் எந்தப் பத்திரத்தைக் கொண்டு போய் நீட்டுவார்?

அதனால் நாங்க கேட்பது இதுதான். ஒன்றியத்துக்கு ஒரு மாதிரி அடுப்பு, முழுக்க அரசு செலவில். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வந்து நிற்கட்டும். பழைய அடுப்பு, புது அடுப்பு ரெண்டுக்கும் சக்கையை எடை போட்டு ஆலைக்காரங்க கண் முன்னாடி காட்டட்டும். கடன் பேச்சு அதுக்கப்புறம்.

ஆலை வைத்திருக்கிற சொந்தங்கள், ஒரு கொப்பரை இறக்க எவ்வளவு சக்கை ஆகுது, மழையில் விறகுக்கு எவ்வளவு போகுதுன்னு கமெண்ட்ல போடுங்க. மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் அந்தக் கணக்கையும் சேர்க்கிறோம்.

#தொப்பம்பட்டி #வெல்லஆலை